எரியாத ஆசிட்

எரிந்தால்தான் மருந்து என்று நம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்குக் கொடி கிடையாது, சங்கம் கிடையாது, ஆண்டு விழா கிடையாது. ஆனால் அவர்களுடைய கிளை இல்லாத தெருவும் கிடையாது. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு டிங்சர் வைத்தால் அது எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும், அப்போதுதான் புண் ஆறும். டாக்டர் மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பினால் அவர் சரியாகப் படிக்காதவர். ஊசி போட்டு, அந்த ஊசியும் ராத்திரி முழுக்க ஒருக்களித்தே படுக்க வைத்தால் கைராசிக்காரர். காபி நாக்கைப் பொசுக்க வேண்டும். ரசம் மூக்கில் தண்ணீர் வரவழைக்க வேண்டும். தலைக்குத் தேய்த்த சீயக்காய் கண்ணுக்குள் போகாவிட்டால் அந்த வெள்ளிக்கிழமை குளித்த கணக்கில் சேராது. அவ்வளவு ஏன், கோயிலில் ஒரு முழங்கை விலாவில் குத்தாமல், ஒரு கால் காலை மிதிக்காமல் சாமி பார்த்துவிட்டு வந்தார்களென்றால், பார்த்தது சாமிதானா என்று வீடு வரைக்கும் சந்தேகம்.

இவர்களிடம் தித்திப்பாக ஒரு மருந்தை நீட்டிப் பாருங்களேன்? மிட்டாயைக் கொடுத்து ஏமாற்றுகிறாயா என்பார்கள். மெதுவாகப் பேசுகிற மனிதரைக் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்பார்கள். மென்மை என்ற ஒன்று இருப்பதை இவர்கள் மறுக்கவில்லை. அது வேலைக்கு ஆகாது என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் பல தரம் உண்டு. முதல் தரத்தில் ஒருத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூர் ஆடுகோடிக்குப் போக வேண்டும். அங்கே லேத்துப் பட்டறைகளும் டிங்கர் வேலை செய்கிற ஷெட்டுகளும் இருக்கிற சந்தில், முன்பக்கம் பேட்டரிக் கடையும் பின்பக்கம் வீடுமாக ஒரு கட்டிடம். கடை சந்தானத்துடையது. வீடும் அவருடையதுதான் என்று பத்திரத்தில் இருக்கிறது. மற்றபடி எல்லாம் வனஜாவுடையது.

ஆட்டோ, டெம்போ, லாரி எல்லாவற்றின் பேட்டரியும் அங்கே வந்து வரிசையாக உட்கார்ந்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறும். பேட்டரி என்றால் உள்ளே ஆசிட். ஆசிட் என்றால் என்ன என்று உங்களுக்கும் எனக்கும் சொல்லித்தான் தெரியும்; வனஜாவுக்கு வாழ்ந்து தெரியும். கல்யாணமாகி வந்த நாள் முதல் சந்தானத்தின் ஒரு லுங்கியைக்கூட ஓட்டையில்லாமல் அவள் துவைத்ததில்லை. ஆசிட் கேன் வந்து இறங்கினால், கொண்டுவந்தவனைப் போக விடமாட்டாள். மூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாயால் ஒரு சொட்டு எடுத்து, வாசல் சிமெண்ட் தரையில் விடுவாள். சுர்ரென்று நுரை கிளம்பினால் சரக்கு நல்ல சரக்கு. கிளம்பாவிட்டால், "தண்ணி ஊத்தியிருக்கே. தூக்கிக்கிட்டுப் போ" என்பாள். ஒரு தடவை அவள் சொன்னது சரியாகவும் போய்விட்டது. சரியாகப் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வாழ்க்கையில் ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்ட மனிதர்களைப் போல ஆபத்தானவர்கள் யார்?

வனஜாவுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. வெள்ளைத் துணியில் டீ சிந்தி, துவைத்தும் போகாமல் நின்றுவிட்ட கறை மாதிரி ஒரு பழுப்பு. அதைப் போக்க அவள் செய்யாதது இல்லை. செய்தது எல்லாம் ஒன்றுதான்: தேய்த்தாள். பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள், கரகரவென்று அரைத்த பயத்தமாவால் தேய்த்தாள், பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மங்கு கறுத்தது. சாதாரண மனுஷி என்றால் தேய்ப்பதை நிறுத்தியிருப்பாள். வனஜா, இன்னும் தேய்த்தது போதவில்லை என்று கண்டுபிடித்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு மகள், சிந்து. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அதே கம்பெனியில் ஹரிஷ்குமார் என்று ஒரு பையன். இரண்டு பேருக்கும் பிடித்துப் போய், பெரியவர்களிடமும் சொல்லி, பேச்சு வார்த்தை வரைக்கும் வந்துவிட்டது. இங்கேதான் சிந்துவுக்குப் பயம் பிடித்தது. ஏனென்றால் பேச்சு வார்த்தை என்ற இரண்டில், வார்த்தைக்கு அவள் அம்மா பேர்போனவள்.

முந்தின வருஷம் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சாதுவான மனிதர்கள். மண்டபமா, உங்கள் வசதி. நகையா, உங்கள் விருப்பம். வனஜா கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க முகம் மாறியது. கடைசியில் பொறுக்கமாட்டாமல், "ஒண்ணுமே கேட்க மாட்டேங்கறீங்களே, பையனுக்கு ஏதாவது குறையா?" என்று அவர்களையே கேட்டுவிட்டாள். சோதித்துப் பார்த்தாளாம். தரையில் சொட்டு விட்டுப் பார்ப்பது போல. அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். "பார்த்தியா, உண்மை சுட்டுடுச்சு. ஓடறாங்க" என்று வனஜா டம்ளர்களை எடுத்துக் கழுவினாள். சிந்து ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

இப்போது வந்திருப்பவர்களோ ஸ்ரீராம்புரத்தாரைவிடச் சாது. பையனுடைய அப்பா இல்லை. அம்மா ரமா, விவேக் நகரில் நர்சரி ஸ்கூல் டீச்சர். சின்னப் பிள்ளைகளை மத்தியானத்தில் தூங்க வைத்து வைத்து, அந்தம்மாவின் குரலே தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. எதைச் சொன்னாலும், "சரிங்க, அப்படியே செஞ்சிடலாம்." அந்தம்மா வந்து பேசிவிட்டுப் போன நாளிலிருந்து வனஜாவுக்குத் தூக்கம் போயிற்று. இவ்வளவு சுலபமாக ஒரு கல்யாணம் கூடி வருமா? எங்கேயோ இடிக்கிறது. நிச்சயத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன்னால் இந்தம்மாவை ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்று புருஷனிடம் சொன்னாள். சந்தானம் தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அவரை எப்படி இத்தனை வருஷம் சந்தேகப்படாமல் விட்டாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்தச் சம்பந்தமும் கலைந்தால் இனிமேல் தனக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சிந்து தீர்மானம் பண்ணிவிட்டாள். அம்மாவிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்: "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் யாரையும் சோதிச்சுப் பார்க்காதே, தாயே." வனஜா பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அதனால் சிந்து ஒரு தந்திரம் செய்தாள். அம்மாவின் கவனத்தைச் சம்பந்தி மேலிருந்து எடுத்து வேறெங்காவது வைக்க வேண்டும். எங்கே வைப்பது? முகத்தில் வைத்தாள். நிச்சயத்துக்குள் உன் மங்கைக் குறைத்துவிடலாம் என்று தோல் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

அந்த டாக்டர் ஊசியையே கண்ணில் காட்டவில்லை. ஒரு பூதக்கண்ணாடியால் கன்னத்தைப் பார்த்தார், தேய்ப்பதையும் வெயிலையும் நிறுத்தச் சொன்னார், ஒரு மருந்தை எழுதினார். முடிந்தது. வெளியே வந்ததுமே வனஜா அவருக்கு மார்க் போட்டுவிட்டாள். மருந்தை வாங்கியது தெருமுனையில் ஓஸ்வால்டுடைய மெடிக்கல் ஷாப்பில். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பாட்டில், உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ.

"என்னப்பா இது, வெறும் தண்ணியா?"

"ஆசிட் மேடம். லாக்டிக் ஆசிட். பால் புளிச்சா வருது பாருங்க, அந்த ஆசிட்தான். ராத்திரியில பஞ்சுல தொட்டு ஒத்துங்க, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவிடுங்க. வாரத்துக்கு ரெண்டு வாட்டி போதும். மேல இருக்கிற செத்த தோலை மெதுவா எடுத்துடும்."

"எரியுமா?"

"சேச்சே, எரியவே எரியாது. ரொம்ப மைல்டு."

ஓஸ்வால்ட் ஆறுதலாகத்தான் சொன்னான். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் நிம்மதியாகப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். வனஜா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "ஆசிட்டுங்கற. எரியாதுங்கற. நான் யார் வீட்டுக்காரின்னு தெரிஞ்சுதான் பேசறியா?" என்றாள். சிந்து அவளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து வனஜா செய்த முதல் காரியம் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாசல் தரையில் ஒரு சொட்டு. குனிந்து பார்த்தாள். நுரை இல்லை. உட்கார்ந்து பார்த்தாள். குமிழ்கூட இல்லை. நியாயமாக இருக்க வேண்டுமே என்று பக்கத்திலேயே கடை ஆசிட்டில் ஒரு சொட்டு விட்டாள். அது சுர்ரென்று பொங்கிற்று. "வந்து பாருங்க இந்த அநியாயத்தை" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

"அது தரைக்குப் போடறது இல்லை வனஜா. மூஞ்சிக்கு."

"தரையையே ஒண்ணும் பண்ண முடியாதது என் மூஞ்சியை என்ன பண்ணிடும்?"

சந்தானம் யோசித்தார். அந்தக் கேள்விக்கு எங்கேயோ ஒரு பதில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிற்று. ஆனால் ஒரு டெம்போக்காரன் வந்து கூப்பிட்டதால் போய்விட்டார். பெரும்பாலான வீடுகளில் புத்திமதி இப்படித்தான் பாதியில் நின்றுபோகிறது.

ஆனாலும் சிந்து பக்கத்தில் இருந்தவரை ஒழுங்காகத்தான் நடந்தது. சிந்து பஞ்சில் தொட்டு ஒத்தி விடுவாள். வனஜா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அடுப்பில் பால் பொங்கக் காத்திருப்பவள் மாதிரி தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பொங்கவில்லை. கழுவிவிட்டு வந்ததும், தோல் கொஞ்சம் மிருதுவாகியிருப்பதாகச் சிந்து சொன்னாள். சொன்னது பொய்யில்லை. வனஜா தொட்டுப் பார்த்தாள். அவள் விரலுக்கும் தெரிந்தது. ஆனால் விரலை நம்புவதா, வாசல் தரையை நம்புவதா?

அந்த நேரம் பார்த்து சிந்துவை ஆபீஸில் பயிற்சி என்று ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். நிச்சயத்துக்கு முதல் நாள்தான் திரும்புவாள். போகும்போது பாட்டிலை அம்மா கையில் கொடுத்து, இரண்டே தடவை, ஒத்தி எடு, கழுவு, நாரைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது. வனஜா பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.

முதலில், கழுவாமல் ராத்திரி முழுக்க விட்டாள். எரியவில்லை. மறுநாள் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைத்ததும் ஒரு தடவை. எரியவில்லை. அதற்கடுத்த நாள் அவளுக்கு மூளை வேலை செய்தது: மேலே அடைத்துக்கொண்டிருக்கிற தோலை எடுத்துவிட்டு ஊற்றினால் உள்ளே இறங்கும் அல்லவா? பீர்க்கங்காய் நாரை எடுத்தாள். கன்னம் இரண்டும் சிவக்கத் தேய்த்தாள். அதன்மேல் ஊற்றினாள்.

சுருக்கென்றது.

அந்தச் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை நாள் மௌனமாக இருந்த குழந்தை முதல் வார்த்தை பேசிவிட்டதைப் போல, "எரியுதுங்க, எரியுது" என்று கடைக்கே ஓடிப்போய்ச் சொன்னாள். சந்தானம் சந்தோஷம் என்றார். அப்புறம் அரை எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து சேர்த்தாள். இன்னும் எரிந்தது. டாக்டருக்குத் தெரியாததை நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று, மருந்து நன்றாகப் பிடிக்கட்டும் என்பதற்காக, வற்றல் காய வைக்கிற சாக்கில் மொட்டை மாடி வெயிலில் போய் முகத்தையும் காய வைத்தாள். பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எல்லம்மா கைப்பிடிச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"சாக்கு வனஜம்மா. மூஞ்சி செவந்து போச்சு. உள்ளே போங்க."

கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். அது வனஜாவுக்குத் தெரியாதா என்ன? அவள் பிறந்து வளர்ந்ததே பெங்களூர். ஆனால் போதும் என்ற சொல் அவளுக்கு எந்த மொழியிலும் கேட்காது.

சிந்து திரும்பி வந்தபோது அம்மா அறைக்குள் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். திரும்பினாள். கன்னம், மூக்கு, முகவாய் எல்லாம் செக்கச்செவேல். தோல், ஆறிப்போன பாலின் மேல் ஆடை படிந்து இழுத்துக்கொண்டிருக்குமே, அப்படி இறுகியிருந்தது. வாயோரத்தில் இரண்டு வெடிப்பு. சிந்து போட்ட சத்தத்தில் ஓடிவந்த சந்தானம், மனைவியின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கடைக்குத் திரும்பி ஓடினார். கேனில் ஆசிட் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். குறையவில்லை. அப்பாடா என்று அங்கேயே ஒரு பழைய பேட்டரி மேல் உட்கார்ந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்கும் தலையாட்டுகிற மனிதருக்கும் உள்ளே என்னவோ இருக்கத்தான் செய்கிறது.

டாக்டருக்குப் போன் போட்டால், குளிர்ந்த தண்ணீர்த் துணியைத் தவிர எதையும் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், வெயிலில் காட்டாதீர்கள் என்றார். பவுடர்? கூடாது. நாளைக்கு நிச்சயம். வனஜா பேச வாயெடுத்தாள், வாயோரம் வெடித்தது. மூடிக்கொண்டாள். சிந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையில் பாதி அம்மாவின் முகத்துக்காக. மீதிப் பாதியில் கொஞ்சம் நிம்மதியும் கலந்திருந்ததோ என்னவோ, அதை நான் எதற்குக் கிளற வேண்டும்? வாய் திறக்க முடியாத அம்மா யாரைச் சோதித்துப் பார்க்க முடியும்?

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ரமா, ஹரிஷ்குமார், சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர். எல்லோருக்கும் முன்னால் பெரியப்பா ஜெயராமன். பையனுக்கு அப்பா இல்லாததால் தட்டு மாற்ற வேண்டியவர் அவர்தான். ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்து காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சூடு பத்தலை" என்றார்.

புரிந்துவிட்டதா? விவேக் நகரிலும் கிளை இருக்கிறது. கிளை இல்லாத தெருவே கிடையாது என்று முதலிலேயே சொன்னேனே.

ஜெயராமனுக்கு ஒரு கொள்கை. சண்டை போடாமல் கூடுகிற சம்பந்தம் நிற்காது. அவருடைய கல்யாணத்தில் முகூர்த்தம் வரைக்கும் சண்டை நடந்தது. அதனால்தான் அந்தக் கல்யாணம் கெட்டியாக இருக்கிறது என்பார். அவர் மனைவியிடம் இதை யாரும் கேட்டதில்லை. ஆகவே, பெண் வீட்டாரைக் கொஞ்சம் கிளறிவிடுவோம் என்று ஆரம்பித்தார். மண்டபம் சிறியது என்று கேள்விப்பட்டாராம். சந்தானம் தலையாட்டினார். வனஜாவும் தலையாட்டினாள். சமையல்காரருக்கு உப்பில் கை தாராளம் என்று சொல்கிறார்களாம். இரண்டு தலையும் ஆடின. பஜ்ஜி நமுத்துப் போயிருக்கிறதாம். இதற்கும் ஆட்டம்தான். ஜெயராமன் குழம்பிப் போனார். எந்த ஊரில் பெண்ணின் அம்மா இப்படி இருப்பாள்?

வனஜாவுக்கு உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் பதில் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. பஜ்ஜியைப் பற்றி அவள் சொல்ல நினைத்த ஒரு பதில் மட்டும் வெளியே வந்திருந்தால், அந்த ஜென்மத்துக்கு ஜெயராமன் பஜ்ஜியைத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் வாய் அரை அங்குலத்துக்குமேல் திறக்காது. ஆகவே பட்டுச் சேலையில், சிவந்த முகத்தோடு, அசையாமல், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாதுவாக உட்கார்ந்திருந்தாள்.

தாம்பூலத் தட்டுகள் நடுவில் வந்தன. ஐயர் பெரியவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். ஜெயராமன் தட்டில் கையை வைத்தார். வைத்த கையை எடுத்துக்கொண்டார். ரமா பக்கம் சாய்ந்து ரகசியம் சொன்னார். ஃபேக்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவருடைய ரகசியம், வாசலில் செருப்புக்குக் காவலிருந்தவர்களுக்கும் கேட்டது.

"பொண்ணோட அம்மா வாயே திறக்கலை, கவனிச்சியா? மூஞ்சியைப் பாரு, எப்படிச் செவந்து கெடக்கு. இஷ்டம் இல்லாம உள்ளேயே வெச்சுப் புழுங்கறாங்க. இவ்வளவு சாதுவா ஒருத்தி இருப்பாளா? ஏதோ இருக்கும்மா. நான் தட்டு மாத்த மாட்டேன்."

சிந்து ஹரிஷைப் பார்த்தாள். ஹரிஷ் பெரியப்பாவைப் பார்த்தான். வனஜாவோ, இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தேடினாள். கிடைத்தது. ஸ்ரீராம்புரத்தார் பாதியில் வைத்துவிட்டுப் போன காபி டம்ளர்கள் வரிசையாகக் கண்ணில் வந்து நின்றன. கண்ணில் நீர் முட்டியது. கன்னத்தில் இறங்கியது. உப்பல்லவா? அது போன வழியெல்லாம் தீ.

ரமா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகளைத் தூங்க வைக்கிற அதே குரலில் கேட்டாள்:

"சம்பந்தி, மனசுக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்."

தலையாட்டினால் போதாது, ஆட்டிய தலையை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மகள் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வனஜா வாயைத் திறந்தாள். ஓரம் கிழிந்தது.

"எனக்குச் சம்மதம்" என்றாள், யாரும் அவளிடம் கேட்டறியாத மெல்லிய குரலில். பிறகு, "எரியுது" என்றாள்.

"எது எரியுது?"

"மூஞ்சி."

சிந்து இனிமேல் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நடந்ததையெல்லாம் சொன்னாள். எரியாத ஆசிட், வாசல் தரை, நார், எலுமிச்சம்பழம், மொட்டை மாடி எல்லாம். ஹரிஷ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ரமா சிரிக்கவில்லை. தன் கைக்குட்டையைக் குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வனஜாவின் கன்னத்தில் பட்டும் படாமலும் வைத்தாள். "இதுக்கு மேல ஒண்ணுமே போடாதீங்க. சும்மா விட்டுடுங்க, தானா ஆறிடும்" என்றாள். வனஜா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஈரத் துணி எரியவில்லை. ஆனாலும் வேலை செய்தது. அதை அவள் இன்றைக்குவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

ஜெயராமன் மட்டும் ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா எரிஞ்சுதா?"

வனஜா தலையாட்டினாள்.

"இப்பவும் எரியுதா?"

இன்னும் பலமாக ஆட்டினாள்.

"அப்ப ஒரிஜினல் சரக்குதான். எந்தக் கடைம்மா? எனக்கும் பிடரியில கறுப்பா ஒரு படை மாதிரி ரொம்ப நாளா இருக்கு. டாக்டர் குடுக்கற களிம்பெல்லாம் வெறும் வெண்ணெய்." சொல்லிக்கொண்டே தட்டை எடுத்துச் சந்தானத்தின் கையில் வைத்துவிட்டார். தட்டு மாறியது. ஐயர் மந்திரம் சொன்னதை யார் கேட்டார்கள்? பெரியப்பா ஓஸ்வால்டுடைய கடைக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

சிந்து பாட்டிலைப் பிடுங்கித் தன் ஆபீஸ் மேஜையில் வைத்துப் பூட்டிவிட்டாள். வனஜாவின் முகம் உரிந்து, ஆறி, பழைய நிலைக்கு வந்தது. மங்கு போகவில்லை, கூடவே இன்னும் கொஞ்சம் கறுத்தது. டாக்டர் திட்டவில்லை, அதற்காகவும் வனஜா அவர்மேல் குறைப்பட்டாள். பிறகு அவர் மறுபடி அனுமதித்ததும் சிந்துவே பொறுப்பெடுத்துக்கொண்டாள். வாரத்துக்கு இரண்டு ராத்திரி, பஞ்சு, ஒத்தல், கழுவல். நார் குப்பைக்குப் போனது. வெயிலுக்குக் குடை வந்தது. எரிச்சல் இல்லை, சத்தம் இல்லை, நாள் பார்த்துச் சொல்கிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணத்தன்று போட்டோக்காரர் விளக்கைப் போட்டபோது பார்த்தால், கறை வெளுத்து, கிட்டே வந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு வந்திருந்தது.

உறவுக்காரிகள் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டு என்ன போட்டாய் என்று கேட்டார்கள். வனஜா என்ன சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

"அன்னிக்கு எரிஞ்சுது பாருங்க ஒரு எரிச்சல், அதோட வேலைதான் இது. இப்பப் போடறதெல்லாம் சும்மா, பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு."

பந்தியில் சாம்பாரைப் பற்றி ஜெயராமனும் அவளும் முகூர்த்தம் முடிந்த கையோடு சண்டை பிடித்தார்கள்; இருவரும் அவ்வளவு திருப்தியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணம் கெட்டியாக நிற்கும் என்று இருவருமே உறுதி சொன்னார்கள். ரமாவைப் பற்றித்தான் வனஜாவுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. பேத்தி பிறந்தும் ஆயிற்று, அந்தம்மா ஒரு தடவைகூடச் சண்டைக்கு வரவில்லையாம். ஏதோ இருக்கிறதாம்.

வனஜாவை நினைத்துச் சிரித்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் போன வாரம் உங்கள் வீட்டு இருமல் மருந்தை, அளவு மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டு, தொண்டையில் காரமே தெரியவில்லையே என்று இன்னொரு மூடி ஊற்றியது யார்? அதிர்ந்து பேசாத அந்தப் புது மேனேஜருக்கு வேலை தெரியாது என்று முதல் நாளே சொன்னது யார்? இதைப் படித்து வரும்போதுகூட, இது என்ன, எங்கேயும் சுருக்கென்று குத்தக் காணோமே, நம்மைப் பற்றி இல்லை போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் தோன்றிற்றா இல்லையா?

தோன்றியிருந்தால் பதற வேண்டாம். மருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எரியவில்லையே என்று இன்னொரு தடவை மட்டும் படிக்காதீர்கள்.